கொழுத்த கன்றுக்குப் பதில் ஒரு சேவல்

பைபிள் கதையில் ஊதாரி மகன் திரும்பி வந்ததும் அப்பன் ஒரு கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிறானே, அந்தக் கன்றை வளர்த்தது யார் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா?

நான் யோசித்ததில்லை. இத்தனைக்கும் கெம்பஸில் என் கடைசி வருடக் கட்டுரையே இதுதான்: பைபிள் சொல்லும் வீழ்ச்சியும் மீட்பும் இன்றைய நாவல்களில் என்ன ஆகின்றன? என் வாதம் சிம்பிள். இன்றைய நாவலிலும் மனிதன் விழுகிறான், சீரழிகிறான், திரும்பி வருகிறான். ஆனால் ஓடிவந்து கட்டிப்பிடிக்க அப்பன் இல்லை. கதவு மட்டும்தான் இருக்கிறது, அதுவும் பூட்டி. இதற்கு நல்ல மார்க்ஸும் வந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சின்ன வேதக் கோயிலில் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் இந்தக் கதையை நாடகமாகப் போடுவார்கள். பார்க்க வருகிற லயத்து வீடுகளில் பாதி மாரியம்மன் கோயில்காரர்கள். அவர்கள் முன்னால் கன்றை வெட்டுகிறோம் என்று சொல்ல முடியுமா? அதனால் எங்கள் ஊதாரி மகனுக்குச் சேவல்தான். அதைக் கொடுப்பது எங்கள் வீடு. நாடகம் முடிந்ததும் அக்கா சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உயிரோடு திரும்பிவிடுவாள்.

இன்று மத்தியானம் அண்ணன் வந்தான். அக்காவுக்கு இளையவன், எனக்கு மூத்தவன். செத்துப்போன அம்மாவின் தோட்டை அக்கா கல்யாணத்துக்கென்று வைத்திருந்தோம். அதை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய், விற்றுக் குடித்தவன். றொசல்லயில் ரயிலை விட்டு இறங்கி, நனைந்துகொண்டே ஏறி வந்தான்.

அப்பா செருப்புகூடப் போடாமல் ஓடினார். "ஏண்டா இப்பிடி எளச்சுப் போய்ட்ட?" என்று அவன் முகத்தைத் தடவினார். என் கட்டுரை அங்கேயே காலி.

பறித்த கொழுந்தை எடை நிறுத்துவிட்டு அக்கா வந்தபோது தண்ணி ஓடுகிற கான் ஓரமெல்லாம் சிவப்பு இறகு.

"என் சேவலயா அறுத்தீங்க?"

"புள்ள வந்திருக்கான்ல ஆயி, வேற என்னத்த வைக்கச் சொல்ற?" என்றார் அப்பா.

"நானும்தான் தெனம் விடியக்கால பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போயி, மலையேறிட்டு வர்றேன். எனக்கு ஒரு முட்டையாச்சும் அவிச்சுக் குடுத்திருக்கீங்களா?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அக்கா, பைபிள்லயும் மூத்தவன் கிட்டத்தட்ட இதத்தான் கேக்குறான். வெளியவே நின்னுக்கிட்டு."

"அப்பறம் உள்ள போனானா?"

"அது எழுதல."

"அதக்கூட தெரிஞ்சுக்காம என்னத்தடா படிச்ச?"

அவள் கேட்டது சரிதான். கதை அங்கே நிற்கிறது. அப்பன் வெளியே வந்து மூத்தவனைக் கெஞ்சுகிறான், அவ்வளவுதான். விழுந்தவன் எழுந்ததைப் பற்றி நாவல் நாவலாக எழுதுகிறார்கள், நானும் பக்கம் பக்கமாக எழுதினேன். விழாமலே நின்றவளுக்கு யார் மீட்பு கொடுப்பது? மன்னிக்க வேண்டியவள் அவள். அப்பா மன்னித்தது அப்பாவின் கணக்கு. தோடு அவளுடையது, சேவலும் அவளுடையது.

அண்ணன் தட்டோடு வாசலுக்கு வந்தான். "அக்கா, நீ வராம நான் கை வைக்க மாட்டேன்."

"வைக்காட்டிப் போ. பூனைக்காவது ஆகும்."

அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே குந்திவிட்டான். அப்பா உள்ளேயும் வெளியேயும் நடக்கிறார்.

இதை அடுப்படியில் இருந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். அக்கா வெளி இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள், மழைக்கு இடுப்பில் கட்டிய படங்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. குழம்பு ஆறிவிட்டது.