அமாவாசைக்கும் திறந்திருக்கும்

காலை பத்து மணி மூன்று நிமிடம். சித்திரசாலையின் நடு அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது சுவரில் இருந்த ஒரு வெளுத்த கட்டம். ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம் இருக்கும். சுற்றிலும் சுண்ணாம்பு பழுப்பேறிக் கிடக்க, அந்த இடம் மட்டும் நேற்று வெள்ளையடித்ததுபோல் இருந்தது. அதற்கு மேலே ஓர் ஆணி. எதிரே ஒரு முக்காலியில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர், மடியில் துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்தார். படம் மாட்டியிருந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், கையில் தண்ணீர்ச் செம்போடு, காப்பாளர் நின்றார். செம்பை எப்போது நீட்டுவது என்று தெரியாதவர்போல் இருந்தது அவர் நின்ற விதம்.

யுத்தத்தின் மூன்றாம் வருஷம் அது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் சென்னை பாதி காலியாகி, அங்கிருந்து சேலத்துக்கு மனிதர்களும் காகிதக் கட்டுகளும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அப்படி வந்த ஓர் அலுவலகத்துக்கு இடம் வேண்டுமென்று சித்திரசாலைக் கட்டடத்தைக் கேட்டிருந்தார்கள். மேசை நாற்காலிகள் அன்று பிற்பகல் வருவதாக இருந்தது. அதைச் செய்தியாக எழுதத்தான் நான் போனேன். உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றில் அப்போது நான் உதவி ஆசிரியர்.

சித்திரசாலை என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். ஊரில் வக்கீலாக இருந்த ஒருவர் தம் வீட்டின் முன்கட்டையும், தாம் சேர்த்த நாற்பது நாற்பத்தைந்து படங்களையும் பொதுமக்களுக்கென்று எழுதிவைத்துவிட்டுக் காலமானார். மூன்று அறைகள், ஒரு கமிட்டி, ஒரு காப்பாளர். காப்பாளர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். அதற்குமுன் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவாக இருந்தவர். படங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று கமிட்டியில் ஒருவர் சொன்னபோது, "படம் அதுபாட்டுக்கு இருக்குமுங்க. வர்றவங்களைப் பாத்துக்கத்தானே ஆள் வேணும்" என்றாராம்.

வேலையில் சேர்ந்த முதல் மாதமே வாசலில் ஒரு பலகை மாட்டினார். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, எல்லாம் அவர் கையாலேயே எழுதியது. ரயில் நிலையத்தில் வண்டி நேரம் எழுதுவதுபோல் நேர்நேரான வரிகள். வருகிறவர் யாராக இருந்தாலும், எந்தச் சாதியாக இருந்தாலும், கதவு திறந்திருக்கும். செருப்பில்லாமல் வந்தாலும் அழுக்குத் துணியோடு வந்தாலும் யாரும் தடுக்கமாட்டார்கள். தூரத்திலிருந்து வந்தவருக்கு உட்கார இடமும் குடிக்கத் தண்ணீரும் உண்டு. கேட்ட கேள்விக்குத் தெரிந்ததைச் சொல்வோம், தெரியாவிட்டால் தெரியாது என்போம். குறை இருந்தால் புத்தகத்தில் எழுதலாம். எழுதத் தெரியாதவர் சொன்னால் நாங்கள் எழுதி, கீழே பதிலும் எழுதுவோம். எந்தப் படத்தையாவது சுவரிலிருந்து எடுப்பதானால் பதினைந்து நாள் முன்னதாக அறிவிப்போம். கடைசி வரி பிறகு சேர்த்தது. அதனால் எழுத்து சற்று நெருங்கியிருக்கும்: அமாவாசை எந்தக் கிழமையில் வந்தாலும் அன்றைக்கும் திறந்திருக்கும்.

அந்த வரியை அவர் சேர்த்தது இந்தப் பெண்ணுக்காக. வெண்ணந்தூரில் நெசவுக் குடும்பம். அமாவாசையன்று தறி ஓடாது. நெசவாளருக்கு நிம்மதியாக வெளியூர் போக வாய்க்கிற நாள் அது ஒன்றுதான். ஒருமுறை அமாவாசை சித்திரசாலையின் வார விடுமுறையில் விழ, அவர் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். மறுநாள் பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் காப்பாளருக்கு விஷயம் தெரிந்தது. அன்றே தூரிகையை எடுத்துவிட்டார்.

அந்தப் பெண் பார்க்க வந்தது ஒரே ஒரு படத்தை. நீர்வண்ணத்தில் தீட்டியது. கீழே ஒட்டியிருந்த அட்டையில், 'தார் சுற்றும் சிறுமி, வெண்ணந்தூர். வரைந்தவர் தெரியவில்லை' என்று இருக்கும். பத்து வயதுப் பெண் ஒருத்தி ராட்டையின் முன் உட்கார்ந்து, தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே, யாரோ கூப்பிட்டதுபோல் நிமிர்ந்து பார்ப்பாள். வக்கீல் எங்கிருந்தோ ஓர் ஓவியரை அழைத்து வந்து ஊர் ஊராக அனுப்பியிருந்த காலத்தில் வரைந்த படம். வரைந்து இரண்டு வருஷத்துக்குள் அந்தச் சிறுமி வாந்திபேதியில் போய்விட்டாள். வீட்டில் போட்டோ எதுவும் கிடையாது. மகளின் முகம் இந்த உலகத்தில் இருந்த இடம் அந்த ஒரு காகிதம்தான்.

யுத்தத்துக்குமுன் நான் ஓர் அமாவாசையன்று அவரோடு பேசியிருக்கிறேன். முகத்தில் சிரிப்பு இருந்தது. "நானும் ஒவ்வொரு மாசமும் வந்து பாக்கறனுங்க. இன்னும் அந்தத் தாரைச் சுத்தி முடிச்ச பாடில்ல, சோம்பேறிக் களுதை" என்றார். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லையா என்று கேட்டேன். "சொல்லாம என்னுங்க. 'செவத்தப் பாக்கறதுக்குப் பஸ்ஸேறிப் போறவ ஊருக்குள்ள நீ ஒருத்திதான்'னு சொல்லுவாரு. அவருக்கென்னங்க, கண்ண மூடினா அவ வந்து நிக்கறாளாம். எனக்குத்தான் மொகம் கலைஞ்சு கலைஞ்சு போவுது. இங்க வந்து பாத்துட்டுப் போனா ஒரு மாசத்துக்கு நிக்கும். அப்பறம் மறுக்காவும் கலைஞ்சுருமுங்க." காப்பாளர் பக்கத்தில் இருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கட்டடத்தைக் கேட்டு உத்தரவு வந்தது ஓர் அமாவாசைக்கு இரண்டு நாள் கழித்து. அடுத்த அமாவாசைக்குள் காலி செய்ய வேண்டும். படங்களைப் பெட்டிகளில் அடைத்து ஏற்காட்டில் கமிட்டி உறுப்பினர் ஒருவரின் பங்களாவில் வைப்பதென்று முடிவாயிற்று. அன்று மாலையே காப்பாளர் எங்கள் அச்சகத்துக்கு வந்தார். கையில் ஒரு தாள், அதில் பத்து வரி. படங்கள் போகின்றன, பார்க்க விரும்புகிறவர்கள் இன்ன தேதிக்குள் வரவும் என்ற அறிவிப்பு. வெண்ணந்தூரிலும் ராசிபுரத்திலும் தறிக்கூடங்களில் எங்கள் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் நெய்துகொண்டே கேட்பார்கள். அவருக்கு அது தெரியும். "சுவத்துல நோட்டீஸ் ஒட்டினா எழுத்துத் தெரிஞ்சவங்களுக்குத்தானுங்க. உங்க பேப்பர்ல வந்துட்டா காது இருக்கிற அத்தனை பேருக்கும் போய்ச் சேந்துரும். மறந்துறாதீங்க" என்றார்.

நான் மறக்கவில்லை. அன்றே அச்சுக்கோக்கக் கொடுத்தேன். ஆனால் காகிதத் தட்டுப்பாட்டில் பத்திரிகை எட்டுப் பக்கத்திலிருந்து நாலு பக்கமாகச் சுருங்கியிருந்தது. முதல் வாரம் மண்ணெண்ணெய் பற்றிய சர்க்கார் அறிவிப்பு வந்ததால் இதை நிறுத்திவைத்தேன். காப்பாளர் வந்து கேட்டார். அடுத்த வாரம் கட்டாயம் என்றேன். அவர் அதை நம்பிப் பெட்டி அடிக்கும் வேலைக்குப் போய்விட்டார். அதன்பின் கேட்க வரவில்லை. அடுத்த வாரம் ஒரு கொட்டகைக்காரரின் சினிமா விளம்பரம். மூன்றாம் வாரம் என்ன வந்தது என்று எனக்கு இப்போது நினைவில்லை. கோத்த எழுத்துகள் நூலால் கட்டப்பட்டு அச்சுமேசையின் ஓரத்தில் அப்படியே கிடந்தன. போகும்போதும் வரும்போதும் அவற்றைப் பார்த்தேன்.

பெட்டிகள் லாரியில் ஏறியது அமாவாசைக்கு முந்தின நாள். அமாவாசையன்று கட்டடத்தில் பார்க்க ஒரு படமும் இல்லை. இருந்தாலும் பலகையில் எழுதியிருந்ததால் காப்பாளர் பத்து மணிக்குக் கதவைத் திறந்தார். வெண்ணந்தூரிலிருந்து விடியுமுன் கிளம்பி, மெயின்ரோடுவரை நடந்து, கரிப்புகையில் ஓடிய அந்தக் காலத்துப் பஸ்ஸில் வந்து, அந்தப் பெண் உள்ளே நுழைந்திருக்கிறார். மூன்று நிமிடம் கழித்து நான் நுழைந்தேன்.

"எப்பங்க சாமி திரும்பி வரும்?" என்று அவர் கேட்டார்.

"தெரியலீங்கம்மா. சண்டை முடிஞ்சாத்தான்."

"ஒரு வார்த்தை சொல்லியுட்டிருந்தா நேத்தைக்கே வந்திருப்பனுங்களே. தறி கெடக்குதுன்னு போட்டுட்டு வந்திருப்பனே."

காப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பேப்பர்ல வரலீங்களா?" என்றார். இடமில்லை என்றேன். "இடமில்லீங்களா" என்று திருப்பிச் சொன்னார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அந்தப் பெண் எழுந்தார். வாசல்வரை போனவர் நின்றார். "சாமி, அவளுக்கு நெத்தியில ஒரு தளும்பு இருக்குமுங்க. சின்னதுல தறியிலிருந்து நாடாக் கட்டை தெறிச்சுப் பட்டது. புருவத்துக்கு மேல. அது சோத்தாங்கைப் பக்கமுங்களா, பீச்சாங்கைப் பக்கமுங்களா? பஸ்ஸுல வாரப்பவே ரோசனை பண்ணிக்கிட்டு வந்தனுங்க. வந்து பாத்துக்கலாம்னு இருந்தேன்."

காப்பாளர் ஒன்பது வருஷம் அந்தப் படத்தின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர். ஏதாவது ஒரு பக்கத்தைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். காப்பாளர் வெகுநேரம் அந்த வெளுத்த கட்டத்தைப் பார்த்தார். பிறகு, "தெரியலீங்கம்மா" என்றார். "நான் பாத்து வெச்சிருக்கோணும்." அந்தப் பெண் என்னைப் பார்த்தார். அந்தப் படத்தைப் பற்றி நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். நீள அகலம் எழுதினேன், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று எழுதினேன். எனக்கும் தெரியவில்லை.

அவர் போனபின் காப்பாளர் குறைப் புத்தகத்தை எடுத்தார். அந்தப் பெண் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதினார். பதிலுக்கான இடத்தில், 'அறிவிப்பு இவருக்குப் போய்ச் சேரவில்லை. தவறு எங்களுடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பத்திரிகையின் பெயர் அதில் இல்லை. மை உலரும்வரை புத்தகத்தைத் திறந்தே வைத்திருந்தார். பிறகு பலகையைக் கழற்றித் தம் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

ஒரே ஒரு பெட்டியைத் திறந்து பார்க்க அனுமதி கேட்டுக் கமிட்டிக்கு மூன்று கடிதம் எழுதினார். எல்லாப் பெட்டியும் ஒன்றாகத்தான் திறக்கப்படும் என்று பதில் வந்தது. அந்தப் பெண் அடுத்த இரண்டு அமாவாசைக்கும் வந்தார். அலுவலகச் சேவகன் வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். பிறகு வரவில்லை.

யுத்தம் முடிந்து, அலுவலகம் காலியாகி, பெட்டிகள் மலையிலிருந்து இறங்கிய வாரம் காப்பாளர் பத்திரிகைக்கு வரவில்லை. பெட்டிகளைத் திறக்குமுன்பே நேராக வெண்ணந்தூருக்குக் கிளம்பினார். பஸ் நிலையத்தில் பார்த்து நானும் கூடப் போனேன். அந்தப் பெண்ணின் கணவர் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து எங்களை உட்காரச் சொன்னார். காப்பாளர் வந்த காரியத்தைச் சொன்னார்.

"அவ போன தை மாசமே போயிட்டாளுங்க" என்றார் கணவர்.

காப்பாளர் கையில், படங்கள் திரும்பி வந்துவிட்டன என்று பத்து வரியில் எழுதிக் கொண்டுபோன அறிவிப்பு இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்தார், பிரித்தார். பிறகு எழுந்து நின்று, பத்து வரியையும் அந்த மனிதரிடம் படித்தார். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். "நல்லதுங்க" என்றார். பிறகு, "கடைசி வரைக்கும் எங்கிட்ட அந்தத் தளும்பைத்தான் கேட்டுக்கிட்டிருந்தா. கண்ண மூடினா எனக்கு மொகம் வருதுங்க, தளும்பு வர மாட்டேங்குது" என்றார்.

காப்பாளர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. சித்திரசாலை இருக்கிறது. பலகையும் பழைய இடத்தில் இருக்கிறது. அறிவிப்பு பற்றிய வரிக்குக் கீழே, 'படிக்கத் தெரியாதவருக்கு நேரில் வந்து சொல்வோம்' என்று அவர் பிறகு சேர்த்தது இருக்கிறது. இப்போதிருப்பவர் அதைச் செய்கிறாரா என்று நான் கேட்கவில்லை. போன வாரம் காலை பத்து மணிக்குப் போனேன். நடு அறையில் என்னைத் தவிர யாருமில்லை. வெளுத்த கட்டத்தைப் படம் மூடியிருந்தது. ஏற்காட்டு ஈரத்தில் அடிப்பகுதி சற்றுக் கறைபட்டு, ராட்டையின் சக்கரம் மங்கியிருந்தது. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

தழும்பு இடது புருவத்துக்கு மேலே இருக்கிறது.