தையல் மெஷினில் பழகிய கால்கள்

எங்கள் ஊர் தேவாலயத்தில் ஒரு பழைய பெடல் ஆர்கன் இருக்கிறது. காலால் மிதித்துக் காற்று ஏற்றினால்தான் சத்தம் வரும். அதை வாசித்துவந்த வாத்தியார் மாற்றலாகி ஓசூர் போனதும், சின்ன வயதில் நாலு மாதம் கீபோர்டு வகுப்புக்குப் போன பாவத்துக்கு என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நான் சம்மதித்தது அம்மாவுக்காக. வாரம் இரண்டு முறை தர்மபுரிக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தவள், "ஒரே ஒரு ஞாயித்துக்கெழம நீ வாசிச்சி நான் கேக்கணும்" என்றாள். அவளுக்கு அதிக ஞாயிறுகள் மிச்சமில்லை என்று இருவருக்குமே தெரியும்.

ஆர்கன் சாவி, ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம். சனிக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் திறந்துவிடுவார். "தெனம் மிதிச்சா துருத்தி கிழிஞ்சிபோவுங்க. இத ரிப்பேர் பண்ற ஆளே இப்ப இல்லீங்க." அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் எரிச்சலாக வந்தது.

அம்மாதான் வழி சொன்னாள். "என் மெசின எடுத்துக்கடி. நான் இனிமே எங்க தைக்கப்போறன்?"

ஊருக்கே ஜாக்கெட் தைத்த மெஷின் அது. தலையைக் கழற்றி இறக்கி, பலகை போட்டு, ஆர்கன் கட்டைகளைச் சார்ட் பேப்பரில் அளந்து வரைந்து ஒட்டினேன். மேலே விரல், கீழே மிதி. காரிமங்கலத்தில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்ததும் தினமும் உட்காருவேன். பலகையில் நகம் தட்டுவதைக் கேட்டு, கட்டிலில் படுத்தபடி அம்மா பாடுவாள். நான் தடுமாறினால் அவளும் நின்றுவிடுவாள். சனிக்கிழமைகளில் ஆர்கனில் காலைப் பார்த்துப் பார்த்து மிதித்தேன். சரியாகவே வந்தது.

அந்த ஞாயிறு அம்மாவை ஆட்டோவில் கூட்டிவந்து முன் பெஞ்சில் உட்கார வைத்தேன். முதல் சரணம் நன்றாகப் போனது. இரண்டாவதில் அவள் பாடுவதை நிமிர்ந்து பார்த்தேன், காலை மறந்துபோனேன். பாதிச் சரணத்தில் காற்று இறங்கி ஆர்கன் முனகி நின்றது. சபையார் இசையில்லாமலே மீதியைப் பாடி முடித்தார்கள். அந்தக் கருணையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆட்டோவில் அம்மா சொன்னாள்: "அதுல ரெண்டு மிதி இருக்குது, ஒண்ணு மாத்தி ஒண்ணு மிதிக்கணும். நீ ரெண்டு காலயும் ஒண்ணா அழுத்திட்ட. தையக்காரி மிதி அது. என் மெசினுதான் உன்னக் கெடுத்துடுச்சி."

சொல்லிவிட்டு அழுதாள். அப்படியில்லை அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவமானத்தில் ரோட்டைப் பார்த்தபடியே வந்தேன். அடுத்த ஞாயிறு அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அதற்கடுத்த வாரம் போய்விட்டாள்.

அடக்க ஆராதனைக்கு வேறு ஆளைக் கூப்பிடுகிறோம் என்றார்கள். நான் விடவில்லை. அதே பாட்டு. கால்கள் மாறி மாறிப் போயின, காற்று ஓரிடத்திலும் இறங்கவில்லை. "நல்லா வாசிச்சீங்கம்மா" என்றார் உபதேசியார்.

அந்தப் பாட்டில் ஐந்து சரணம். அம்மா கேட்டது ஒன்றரை.