படலுக்குப் பதில் பயிற்சி

குடவாசலுக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரில், நடவுக்குப் போகும் பெண்கள் விடியும்போதே வயலில் இறங்கிவிடுவார்கள். அங்கன்வாடி திறப்பதோ வெயில் ஏறிய பிறகு. அதுவரை அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வாய்க்கால் தெருவில் ஒரு பெண்மணி இருந்தார். முதுகு வலியால் நடவை விட்டவர். ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். அவர் வீட்டுக் கொல்லை நேராக வாய்க்காலில் போய் இறங்கும். நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது.

வாய்க்கால் காய்ந்து கிடந்தவரை அதனால் தொல்லை இல்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட செய்தி வந்ததும், அக்கா எங்கள் விவசாயிகள் சங்கத்துக்கு வந்தார். புதிதாக நடை பழகும் குழந்தை ஒன்று கண்ணை மூடித் திறப்பதற்குள் கொல்லைப் பக்கம் ஓடுகிறது என்றும், அடைப்பதற்கு ஒரு மூங்கில் படல் கட்டித் தரவேண்டும் என்றும் சொன்னார். கேட்டது அவ்வளவுதான்.

சங்கத் தலைவர் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். எதையும் சிறிதாகச் செய்வது அவருக்குப் பிடிக்காது. படல் என்பது ஒருவர் வீட்டுக் காரியம், பயிற்சி என்பது சமுதாயக் காரியம் என்று விளக்கினார். பொறுப்பான குழந்தை வளர்ப்பு குறித்து ஒரு நாள் பயிற்சி என்று முடிவாயிற்று. தண்ணீர் வந்து சேரும் நாளை ஆண்டுதோறும் குறித்து வைப்பவன் நான் என்பதால் என்னைக் கேட்டார்கள். சொன்னேன். நடவு வேலை கெடக்கூடாதென்று அதற்கு முந்தின நாளையே பயிற்சிக்கு வைத்தார்கள்.

பேனரில் அண்ணனுடைய படம் ஆளுயரத்துக்கு இருந்தது. மூலையில் ஒரு குழந்தையும் சிரித்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த பயிற்சியாளர் இளம்பெண். நன்றாகவே பேசினார். பிள்ளைகளைப் பயமுறுத்திப் பணியவைக்காதீர்கள், அவர்கள் உயரத்துக்கு உட்கார்ந்து பேசுங்கள், வாளித் தண்ணீராக இருந்தாலும் பக்கத்தில் தனியே விடாதீர்கள் என்றார். முன்வரிசையில் அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நடுவே ஒரு குழந்தை சிணுங்கியது. அண்ணன் குனிந்து, சத்தம் போட்டால் அந்த அம்மா ஊசி போட்டுவிடுவார் என்றார். சிணுங்கல் அலறலாயிற்று. பேச்சை நிறுத்திவிட்டுப் பயிற்சியாளர்தான் வந்து குந்தி உட்கார்ந்து சமாதானப்படுத்தினார். எல்லோரும் கை தட்டினோம். அண்ணன் சற்றுக் கூடுதலாக. முடிவில் அக்காவுக்குச் சால்வையும் சான்றிதழும் கிடைத்தன.

மறுநாள் தண்ணீர் வந்தது. அண்ணன் வயலில் ஒரு பெண்ணும் இறங்கவில்லை. போர்த் தண்ணீர் விட்டு உழுது வைத்த பள்ளமான வயல் அது; அந்தச் சேற்றில் நடவு இயந்திரமும் இறங்காது. நாற்றோ பறிக்கும் பதத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அண்ணன் என்னையும் அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். நடவுப் பெண்கள் ஆளுக்கொரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

"ஏம்மா, நேத்துதானே பயிற்சி குடுத்தோம்?"

"குடுத்தீங்க. தண்ணி பக்கத்துல புள்ளைங்கள விடக்கூடாதுன்னு அதுலதான் சொன்னாங்க. அதான் இன்னிக்கி யாரையும் வாங்கிக்கல."

"படலுக்குச் சொல்லி விடுறேன். மூங்கில் வர ரெண்டு நாளாவும். அதுக்குள்ள நாத்து முத்திடுமே."

நடவுக் கூட்டத்தில் மூத்தவள் இடுப்பிலிருந்த பேரனை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். "உங்க நாத்தங்கால சுத்தி ஆடு வராம வலை கட்டிருக்கீங்களே, அது சும்மாதானே நிக்குது? அவுத்துக் குடுங்க ஐயா."

"அப்ப நாத்த யாரு பாத்துக்குறது?"

"நீங்கதான். தனியா விடாதீங்கன்னு சொன்னதுக்குத் தலையாட்டுனீங்கல்ல."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாய்க்காலைப் பார்த்தேன். கரை தொட்டு, கலங்கலாக, வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் வலையை அவிழ்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அக்காவின் கொல்லையைச் சுற்றி வலையைக் கட்டி முடித்ததும் பெண்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டு வயலுக்கு நடந்தார்கள். அண்ணன் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு நாற்றங்காலுக்குப் போனார். நடக்கப் பழகும் குழந்தை இரண்டு கையாலும் வலையைப் பிடித்து உலுக்கியது. வலை அசைந்து கொடுத்தது, விடவில்லை. பிள்ளை பொத்தென்று மணலில் உட்கார்ந்து அழத் தொடங்கியது. அக்கா இன்னொன்றுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். கையில் இருந்த உருண்டையை ஊட்டி முடித்துவிட்டு, மெதுவாகவே எழுந்து போனார்.