பால் பொங்கிய வெள்ளிக்கிழமை

என் கணவரைப் பிடித்துக்கொண்டு போன பதினோராம் நாள் எங்கள் வீட்டு காஸ் முடிந்தது. சோறு பாதி வெந்திருந்தது. சிலிண்டரைச் சாய்த்துப் பார்த்தேன், உருட்டிப் பார்த்தேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். எதற்கும் மசியவில்லை.

மற்றவர்கள் வீட்டில் காஸ் முடிந்தால் பேக்கரியில் பாணை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம். எனக்கு அப்படி இல்லை. துறைமுகத்தில் வேலை முடிந்து வந்துகொண்டிருந்த மனிதரைச் சோதனைச்சாவடியில் இறக்கி ஒரு இராணுவ முகாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பார்க்க விடவில்லை. கடிதமும் வாங்கவில்லை. அவருக்கு வயிற்றில் புண், உறைப்பு ஆகாது என்று நான் வாசலில் நின்று அழுதபடியால், பகல் பன்னிரண்டு மணிக்குள் ஒரு பெட்டி சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கலாம் என்றார்கள். புதுப் பெட்டியைக் கொடுத்தால் முதல்நாள் பெட்டியைத் திருப்பித் தருவார்கள். அவர் கறிவேப்பிலை சாப்பிடமாட்டார், பொறுக்கி ஒரு மூலையில் குவித்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அதற்காக அவரோடு சண்டை பிடித்தவள் நான். இப்போது முகாம் வாசலிலேயே பெட்டியைத் திறந்து அந்தக் கறிவேப்பிலையைத் தேடினேன். அது இருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார். வேறு எந்தச் செய்தியும் எனக்குக் கிடையாது.

அன்றைக்கு மிச்சச் சோற்றை இருந்த கொஞ்ச மண்ணெண்ணெயில் ஒருவாறு வேகவைத்துக் கொடுத்துவிட்டு நேரே கடைத்தெருவுக்குப் போனேன். காஸ் லொறி எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசை அடுத்த தெருவரை போயிருந்தது. கப்பல்துறைப் பக்கமிருந்து சைக்கிளில் விறகு கட்டிக்கொண்டு வருகிறவர்கள், காட்டுக்குள் போகப் பயந்து வருவதையே நிறுத்திவிட்டார்கள். எங்கள் லிங்கநகரில் அந்தக் காலத்தில் ஓரளவுக்கு ஒழுங்காக வந்தது கரண்ட் மட்டும்தான்.

குறிஞ்சாக்கேணி ஊர் முஸ்லிம் நானா ஒருவர் கடைத்தெருவில் ரேடியோ, டோர்ச், மின்விசிறி விற்றுக்கொண்டிருந்தார். கொழும்பிலிருந்து வந்த சாமான்களோடு சீனத்து இன்டக்‌ஷன் அடுப்பும் இரண்டு வந்திருந்தன. கறுப்புக் கண்ணாடி போட்ட தட்டையான பெட்டி. நான் மலிவானதைக் காட்டினேன். அவர் ஒரு பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் கழற்றி என் கையில் தந்தார்.

"இது ஒட்டுற சட்டியில மட்டும்தான் அடுப்பு வேலை செய்யும், தங்கச்சி. அடியில காத்தாடி ஒண்டு இரிக்கி. தண்ணி கிண்ணி உள்ளுக்குப் போக விட்டிராதீங்க. போனா நான் திருத்தித் தரவும் ஏலாது."

"ஓம் நானா" என்றேன். எல்லாவற்றுக்கும் ஓம் போடுவது அப்போது எனக்குப் பழகிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்து குசினியில் இருந்த சட்டி பானை எல்லாவற்றிலும் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். அலுமினியத்தில் ஒட்டவில்லை. மீன் கறிச் சட்டி மண், அதில் எங்கே ஒட்டப் போகிறது? சீதனமாகக் கொண்டுவந்து அலுமாரியில் பூட்டி வைத்திருந்த பளபளப்பான பாத்திரங்களிலும் ஒட்டவில்லை. கடைசியில், கைபிடி கழன்ற எனாமல் சட்டி ஒன்றில்தான் டக்கென்று ஒட்டியது. அதை எறியச் சொல்லி மாமியோடு நான் பல தடவை வாதாடியிருக்கிறேன். மாமி சட்டியை வாங்கிக் கழுவித் தந்தார். மகனைப் பிடித்த நாளிலிருந்து அவர் அதிகம் கதைப்பதில்லை.

மறுநாள் வியாழன். ஐந்து மணிக்கே எழும்பி அந்த ஒரு சட்டியில் முதலில் சோறு, பிறகு கழுவிவிட்டுப் பருப்பு, பிறகு கழுவிவிட்டுப் பூசணிக்காய் என்று சமைத்தேன். நெருப்பு இல்லாமல் தண்ணீர் கொதிப்பதைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது. ஆனாலும் பத்து மணிக்குள் சமையல் முடிந்தது. அடுப்பைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சலாம் போலிருந்தது.

அன்றைக்கு வாசலில் திருப்பித் தந்த பெட்டியில் சோறு பாதி அப்படியே கிடந்தது. கறிவேப்பிலை குவிந்திருக்கவில்லை, சோற்றோடு கலந்து கிடந்தது. அடித்திருக்கிறார்கள், கை ஏலாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். அதற்கு மேலும் நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். இரவு முழுக்கக் காரணம் தேடினேன். அது முதல்நாள் மண்ணெண்ணெயில் அவித்த அரைவேக்காட்டுச் சோறு. அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. புது அடுப்பை வாங்கிப் பால் காய்ச்சாமல் சமைத்தாயே, பாவி, அதுதான் என்றது மனம்.

புது அடுப்பு வைத்தால் முதலில் பால் பொங்கவேண்டும். விளிம்பைத் தாண்டி வழியவேண்டும், கிழக்கே வழிந்தால் இன்னும் நல்லது. சின்ன வயதிலிருந்து நான் பார்த்து வந்தது அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை தலைக்குத் தோய்ந்துவிட்டு, சமையலைத் தொடங்க முன் பசுப்பாலை எனாமல் சட்டியில் விளிம்புவரை ஊற்றினேன். அடுப்பைக் கிழக்குப் பார்க்கத் திருப்பி, கண்ணாடிக்கு மேல் மூன்று விரலால் திருநீறு பூசினேன். மாமி கதவடியில் வந்து நின்றார்.

"உது நெருப்பில்லாத அடுப்பு, பிள்ளை. உதுக்கு என்னத்துக்குப் பால்?"

"சும்மா இருங்கோ மாமி. உங்கட மகனுக்குத்தான் செய்யிறன்" என்று சீறினேன்.

சூட்டை ஆகக் கூட்டினேன். விறகடுப்பில் பால் மெல்ல மெல்ல ஏறி வரும், நமக்கும் ஆயத்தப்பட நேரம் இருக்கும். இது ஒரே மூச்சில் எழும்பியது. நான் சட்டியை எடுக்கவில்லை. கண்ணை மூடி, இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, ஆளை முழுதாகத் திருப்பித் தா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பால் நாலு பக்கமும் வழிந்தது. கண்ணாடியால் இறங்கி அடியில் இருந்த காத்தாடிக்குள் போனது. அடுப்பு நாலைந்து தரம் கீச்சிட்டது. பிறகு டப் என்று ஒரு சத்தம். வீடு முழுக்கக் கரண்ட் போனது.

துடைத்தேன், கவிழ்த்தேன், வெயிலில் வைத்தேன், வாயால் ஊதினேன். கரண்டை மறுபடி போட்டால் லைட் எரிந்தது. அடுப்பைச் செருகினால் உடனே மெயின் சுவிட்ச் விழுந்தது. மணி ஒன்பதரை ஆகியிருந்தது. பக்கத்து வீட்டார் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். மூன்றாம் வீட்டு அக்கா கொல்லையில் தேங்காய்ப் பொச்சும் தென்னை மட்டையும் வைத்துச் சமைக்கிறவர். ஓடிப்போய்க் கேட்டேன். அவர் அடுப்பில் அப்போதுதான் உலை வைத்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இன்னும் ஒரு சுண்டு அரிசியைக் கழுவிப் போட்டார். ஈர மட்டை புகைந்ததே தவிர எரியவில்லை. நானும் அவரும் மாறி மாறிக் குனிந்து ஊதினோம்.

சோறும் ஒரு பாற்கறியுமாகச் சைக்கிளில் ஏறும்போது பதினொன்றரை தாண்டிவிட்டது. வழியில் சோதனை. பெட்டியைத் திறக்கச் சொல்லி, சோற்றைக் குச்சியால் கிளறி, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனவன் திரும்பி வரவே கால் மணிக்கு மேல் ஆனது. முகாம் வாசலுக்குப் போனபோது பன்னிரண்டு பத்து.

"டைம் சரி. நாளைக்கி வா" என்றான் வாசலில் நின்றவன். நேரம் முடிந்துவிட்டது என்று சொல்ல அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

கெஞ்சினேன். தமிழில் கெஞ்சினேன், தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன், ரோட்டில் முழங்காலில் நின்றேன். பெட்டியை அவன் காலடியில் வைத்தேன். அவன் அதை எடுத்து என் சைக்கிள் கூடைக்குள் வைத்துவிட்டு முகத்தை அடுத்த பக்கம் திருப்பிக்கொண்டான்.

சனிக்கிழமை பத்து மணிக்கே போய் நின்றேன். அந்தப் பெயரில் இங்கே ஆள் இல்லை என்றார்கள்.

அதன் பிறகு ஐந்து மாதம் எனக்கு ஒன்றுமே தெரியாது. ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. கடைசியில் தெற்கே ஒரு சிறைச்சாலையிலிருந்து அவருடைய கையெழுத்தில் கடிதம் வந்தது. மாமியையும் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றார். பாதியாகப் போயிருந்தார்.

"அவங்கள் நான் குற்றத்தை ஒத்துக்கொண்டதா எழுதின ஒரு கடதாசியைத் தந்து கையெழுத்து வை எண்டவங்கள்" என்றார். "நான் மாட்டன் எண்டு நிண்டனான். உன்ர மனுசியையும் பிடிச்சு வைச்சிருக்கிறம், நீ வைச்சால் அவவை விடுவம் எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுவாங்கள். நான் நம்பேல்ல. மத்தியானம் உம்மட சாப்பாடு வருமெல்லே. ஒரு வெள்ளிக்கிழமை வரேல்ல. பின்னேரம் வரைக்கும் பாத்தன். பிறகு கையெழுத்தை வைச்சிட்டன்."

மாமி என் கையை இறுக்கிப் பிடித்தார். அவர் வாயைத் திறந்து அடுப்புக் கதையைச் சொல்லிவிடுவாரோ என்று நான் நடுங்கினேன். அவர் மற்றக் கையால் சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்டைக்கு என்ன நடந்தது உமக்கு?" என்று கேட்டார் என் கணவர்.

"காய்ச்சல்" என்றேன். "எழும்பவே ஏலாமல் கிடந்தனான்."

அவர் நெடுமூச்சு விட்டார். அத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்தது போலிருந்தது.

"காய்ச்சல்தானே. நான் என்னவோ ஏதோ எண்டு பயந்திட்டன்" என்றார். பிறகு வலைக்குள்ளால் விரலை நீட்டி, "மருந்து ஒழுங்கா எடுத்தனீரோ?" என்று கேட்டார்.