நெல்லுக்கார அத்தை

எனக்கு ஒரே அத்தை. அவள் முகம் சீன முகம். இதைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் என் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, தூரத்துச் சொந்தமா என்பார்கள். தூரமாவது பக்கமாவது, அப்பாவுக்குக் கூடப்பிறந்த அக்கா என்பேன். கூடப்பிறந்தவள் என்று சொல்லக் கூடாதுதான். ஆனால் எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்லிப் பழக்கம், இனிமேல் மாற்றிக்கொள்கிற உத்தேசமும் இல்லை.

தாத்தா மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு சீனத் தாய் பெற்று விட்டுப்போன பெண் குழந்தையைத் துணியில் சுற்றி வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டார். அவள் வந்த ராசி, அடுத்து அப்பா பிறந்தார், ரொம்ப நாள் கழித்துச் சித்தப்பாவும் பிறந்தார். சித்தப்பாவை இடுப்பில் வைத்து வளர்த்தது அத்தைதான். தாத்தா குடும்பத்தோடு லால்குடிப் பக்கம் திரும்பியபோது அத்தைக்கு அங்கேயே ஒரு தமிழ்ப் பையனோடு கல்யாணம் ஆகியிருந்தது, அவள் தங்கிவிட்டாள். கப்பலேறும்போது சித்தப்பா அக்காவின் புடவைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு துறைமுகமே திரும்பிப் பார்க்கும்படி அழுதாராம். மீசை முளைத்து, லோன் போட்டு டிராக்டர் வாங்கிய பிறகும் அந்தக் கதையைச் சொல்லித்தான் அவரை வீட்டில் அடக்குவார்கள்.

அந்தச் சித்தப்பாவுக்கு உறையூரில் பெண் பார்த்து நிச்சயம் ஆனதும், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே அத்தை வந்து இறங்கினாள். நான் அப்போது நாலாம் வகுப்பு. போட்டோவில் மட்டுமே பார்த்திருந்த அத்தை, ஒரு கையில் பிஸ்கட் டின்னும் இன்னொரு கையில் கோடாலித் தைலம் நிறைந்த பையுமாக ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்தாள். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசளவு குங்குமப் பொட்டு. அவ்வளவு பெரிய பொட்டை அதுவரை அம்மன் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன். டாக்ஸிக்காரர் அவளிடம் இந்தியில் ஏதோ கேட்டார். அத்தை, "பசியாறிட்டீங்களா அண்ணே? வெயில்ல நிக்கிறீங்களேலா," என்று மலேசியாக்காரர்களின் 'லா'வையும் சேர்த்துக் கேட்டாள். அந்த மனுஷன் வண்டிச் சாவியைக் கீழே போட்டுவிட்டார்.

ஊரில் அத்தைக்கு ஏகப்பட்ட மவுசு. நேபாளமா, மணிப்பூரா என்று டீக்கடையில் பந்தயமே கட்டினார்கள். நான் அவளைத் தெருத்தெருவாகக் கூட்டிக்கொண்டு போய், "எங்க அத்தை, எங்க அத்தை" என்று காட்டினேன். தேர் இழுப்பவள் மாதிரி அவள் கையை இழுத்துக்கொண்டு போனேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். யார் என்ன கேட்டாலும் அத்தை சிரிப்பாள். அந்தப் பொட்டை மட்டும் தூங்கும்போதுகூட அழிக்க மாட்டாள். தலையணை உறையெல்லாம் சிவப்பு. அம்மா தினமும் துவைத்துப் போட்டாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பெண்ணின் பெரியப்பா உறையூரிலிருந்து வந்தார். நல்ல மனுஷர், வாய் நிறையப் பேசுவார். காப்பி குடித்து முடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"நாத்தனார் முடிச்சு யாருங்க போடுறது?"

மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட, மற்ற இரண்டையும் அவருடைய அக்கா தங்கைதான் போடவேண்டும். அப்பா, "எங்க அக்காதான்," என்றார்.

"அவங்கள ஒண்ணும் சொல்லலீங்க. தங்கமான பொம்பளை. ஆனா..." பெரியப்பா இழுத்தார். "என்ன ஆளுங்கன்னு தெரியணும்ல. நாளைக்கு எங்க பக்கம் நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்றது? உங்க அப்பாவோட தம்பி மக ஒண்ணு இருக்குல்ல, அதைப் போடச் சொன்னா முடிஞ்சு போச்சு."

அறைக்குள் இருந்த சித்தப்பா கதவைத் திறந்துகொண்டு வந்தார். "எங்க அக்கா முடிச்சுப் போடலேன்னா நான் தாலியே கட்டலீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அப்பாவின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பத்திரிகை கொடுத்தாயிற்று, சத்திரம் பிடித்தாயிற்று, எனக்குப் பட்டுப்பாவாடைகூடத் தைத்து வந்தாயிற்று.

கவனித்தீர்களா, பெரியப்பாவுக்கு அத்தையின் முகம் ஒரு பொருட்டே இல்லை. சீனப் பெண் என்பதில் அவருக்கு எள்ளளவும் ஆட்சேபம் கிடையாது. எந்தச் சீனப் பெண் என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.

அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. மன்னார்புரத்தில் டூவீலர் மெக்கானிக் ஷாப் வைத்திருந்தார், வாயாலேயே வடை சுட்டு ஊருக்கே பந்தி போடுவார்.

"என்னங்க மாமா, இது தெரியாதா உங்களுக்கு? சீனாக்காரங்கள்ல பிரிவு இல்லாமயா இருக்கும்? அக்காவோட ஆளுங்க நெல்லுக்காரங்க."

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நெல்லா?"

"நெல்லுதான். பெரிய ஆறு, நம்ம கொள்ளிடம் கணக்கா. ஆத்துப் பாசனம். வருஷத்துக்கு ரெண்டு போகம். ஊர்ல முதல் மரியாதையே அவங்களுக்குத்தான்னு கேள்வி."

"மீன் பிடிக்கிறவங்க, கீன் பிடிக்கிறவங்க இல்லையே?"

"சேச்சே! வலையைத் தொட்டதே இல்ல."

"அட, அப்ப நம்ம மாதிரிதான்!" என்று பெரியப்பா தொடையில் தட்டினார். இதைச் சொல்ல இவ்வளவு நேரமா என்று அப்பாவைக் கோபித்துக்கொண்டார். இன்னொரு காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, அங்கே உரம் என்ன விலை என்றும் விசாரித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

கடைத்தெருவிலிருந்து திரும்பிய அத்தையிடம் மாமா இதை நடித்தே காட்டினார். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நெல்லா? ஐயோ, நான் பொறந்ததுலேருந்து ரப்பர் மரந்தான் பாத்திருக்கேன்லா!" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நிஜத்தச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும் தம்பி?" என்று கேட்டாள்.

"நிஜம் என்னன்னு யாருக்குக்கா தெரியும்?" என்றார் மாமா. அத்தை மறுபடியும் சிரித்தாள், ஆனால் இந்தத் தடவை கொஞ்சமாக.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் அத்தை, ஸ்ரீரங்கத்துக்குப் போய் அம்மா மண்டபம் படித்துறையில் குளிக்கவேண்டும் என்றாள். தாத்தாவின் அஸ்தியை அங்கேதான் கரைத்திருந்தார்கள். மாமா எங்களை ஆட்டோவில் கொண்டுபோய் விட்டுவிட்டு வாசல் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். நானும் அத்தையும் படியிறங்கினோம். காவிரியில் தண்ணீர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அத்தை "அப்பா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள்.

எழுந்தபோது நெற்றி வெறும் நெற்றியாக இருந்தது. குங்குமம் மூக்கு வழியாக ஒழுகிப் போய்க்கொண்டிருந்தது. அத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அவ்வளவுதான், உள்ளங்கையால் நெற்றியை மூடிக்கொண்டாள். "பாப்பா, பொட்டு! குங்குமம் எங்க கிடைக்கும்? ஓடு, ஓடு!" என்றாள். குரல் அத்தையின் குரலாகவே இல்லை. தலையைக்கூடத் துவட்டாமல், சுற்றியிருந்த கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு படியேறினாள். எனக்குப் பயமாகப் போய்விட்டது. மேல்படியில் பூ விற்ற அம்மா, "எதுக்குக் கண்ணு பதர்றீங்க? இந்தாங்க," என்று குங்குமத் தட்டை நீட்டினாள். அத்தை மூன்று விரலால் அள்ளி வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

படியில் உட்கார்ந்து நான் அவள் தலையைத் துவட்டிவிட்டேன். எதற்கு அத்தை அவ்வளவு பயந்தீர்கள் என்று கேட்டேன்.

"சின்னப் புள்ளையில ஒரு தடவை எங்க ஊர்ல பெரிய சண்டை, பாப்பா. ரெண்டு கூட்டத்துக்கு. நாங்க எந்தக் கூட்டத்துலயும் இல்ல. ஆனா என் மூஞ்சி ஒரு கூட்டத்து மூஞ்சி. கத்தி, கம்பெல்லாம் எடுத்துக்கிட்டு வீடு வீடா வந்தாங்க. அம்மா எனக்கு இத்தாந்தண்டி பொட்டு வெச்சு, தலை நெறயப் பூ வெச்சு, மடியில போட்டுக்கிட்டு வாசல்லயே உக்காந்துட்டாங்க. வந்தவங்க பொட்டப் பாத்துட்டு, தமிழ்ப் புள்ளன்னு போயிட்டாங்க."

"நீங்க என்ன ஆளுங்கன்னு கேக்கலையா?"

"அங்க கேக்க மாட்டாங்க. பாப்பாங்க, அவ்வளவுதான்."

நான் யோசித்துப் பார்த்தேன். முகத்தைப் பார்த்துச் சண்டை போடுகிற ஊர் எவ்வளவு மடத்தனமான ஊர்! எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஒரே மாதிரி முகம், பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதனால் மரியாதையாக, காப்பி குடித்துவிட்டுக் கேட்கிறார்கள். கேட்டால் மாமா மாதிரி ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். "நீங்க இங்கயே இருந்துடுங்க அத்தை," என்றேன். அத்தை என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். அவள் உதடு ஈரமாக, ஜில்லென்று இருந்தது.

மறுநாள் உறையூரில் கல்யாணம். பட்டுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு, அத்தைக்குப் பக்கத்தில் நான் விளக்குப் பிடித்து நின்றேன். தாலியைத் தட்டில் வைத்துச் சபையைச் சுற்றி ஆசீர்வாதம் வாங்கி வந்தாயிற்று. கெட்டிமேளத்துக்கு முன்னால் மேளக்காரர் மூச்சு வாங்க நிறுத்தினார். அத்தை பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றாள். அந்தச் சந்தடியில்லாத நேரம் பார்த்து, முன்வரிசையில் காது மந்தமான ஒரு கிழவர் ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

"யாருப்பா அது, முடிச்சுப் போட நிக்கிறது? என்ன ஆளுங்க?"

மண்டபமே திரும்பியது. சித்தப்பா தாலியைக் கையில் பிடித்தபடி அக்காவைப் பார்த்தார். அப்பா மாமாவைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார். மாமா பந்தியில் சாம்பாரை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் பெரியப்பா கிழவரை நோக்கி எழுந்தார். அத்தை, பெண்ணின் கழுத்துக்காக நீட்டிய கையை மெல்லப் பின்னால் எடுத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"எங்க அத்தை! நெல்லுக்காரங்க! ஆத்துப் பாசனம், ரெண்டு போகம்!"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. "அதான் புள்ள சொல்லிருச்சுல்ல, நம்ம மாதிரிதான்!" என்று பெரியப்பா கையை ஆட்ட, கெட்டிமேளம் முழங்கியது. சித்தப்பா முதல் முடிச்சைப் போட்டார். அத்தை குனிந்து மற்ற இரண்டையும் இறுக்கிப் போட்டாள். சித்தப்பா எல்லார் முன்னாலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார், துறைமுகத்தில் அழுததைப் போலவே இருந்திருக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தையைக் காப்பாற்றியது நான்தானே!

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மாமா சொன்னபோது அப்படிச் சிரித்தவள், நான் சொன்னதற்குச் சிரிக்கவில்லை. என் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, அதே கையால் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஓமப் புகையிலும் வியர்வையிலும் பொட்டு அழிந்துவிட்டதோ என்று பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு அவள் அம்மா வைத்ததைப் போல இன்றைக்குச் சபையில் நானும் அவளுக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டேன் என்பது நாலாம் வகுப்புப் புத்திக்கு எட்டவில்லை.

"அப்படியே இருக்கு அத்தை," என்று அவள் காதோரம் சொன்னேன். "யாருக்கும் தெரியாது."