நான்காவது கையெழுத்து

அந்தத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக வாசலில் நின்றவர்கள் மூன்று பேர். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், இட்லிக்கடை அக்கா, ஏழு மாதக் கர்ப்பிணியான என் எதிர்வீட்டுப் பெண். வராதவன் நான். வராதவன் என்பதுகூடச் சரியில்லை. அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஜன்னலோரக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, மூவரையும் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் நால்வரையும் சேர்த்தது உல்லன் நூல். அடி அண்ணாமலையில் வாடகைக்கு அறை எடுத்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பேச ஆளில்லை. வாய் திறக்காமலே சாயங்காலம் ஆகிவிடும். கடையில் ஒரு டீ கேட்கும்போது தொண்டை கரகரக்கும். போனில் வீடியோ பார்த்துப் பின்னக் கற்றுக்கொண்டேன். கைக்கு வேலை இருந்தால் தனியாக இருப்பது அவ்வளவாகத் தெரியாது. நூல் வாங்கப் போன கடையில்தான் டீச்சரைப் பார்த்தேன். அரசு மருத்துவமனையில் பிறக்கிற குழந்தைகளுக்குத் தொப்பி பின்னிக் கொடுப்பதாகவும், ஞாயிறு பத்து மணிக்குத் தன் வீட்டில் கூடுவதாகவும் சொன்னார்.

முதல் நாள் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னாப்பா, இன்னும் கல்யாணமே ஆவல, அதுக்குள்ள புள்ளைக்குத் தொப்பியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போது மட்டும்தான் என்பது அறைக்குத் திரும்பிய பிறகு தோன்றியது.

அங்கே ஒரே ஒரு சட்டம் உண்டு. ஊசியில் கண்ணி எண்ணிக்கொண்டிருப்பவரிடம் யாரும் பேசக் கூடாது. எண்ணிக்கை தப்பினால் வரிசையையே பிரிக்க வேண்டிவரும். மற்றபடி எதைப் பற்றியும் பேசலாம். தண்ணீர் வருகிற நேரம், பௌர்ணமிக் கூட்டம் விட்டுப் போகிற குப்பை, ரேஷன் பருப்பு. அப்படித்தான் ஒருநாள் பேச்சு எங்கள் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தது. அங்கே நிழல் இல்லை, உட்கார ஒரு கல்லும் இல்லை. பரிசோதனைக்குக் கிளம்பிய எதிர்வீட்டுப் பெண் முந்தின வாரம் அங்கே வெயிலில் மயங்கி, அக்காதான் தாங்கிப் பிடித்திருந்தார்.

"இங்க உக்காந்து பேசினா கூரை வந்துடுமா? மனு குடுக்கலாம்" என்றார் டீச்சர்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எழுத்து வேலை என்று யாராவது என்னைப் பார்த்தால் மனசு நிமிர்ந்துவிடும். அன்றே தட்டச்சு செய்து, நான்கு பெயர்களையும் போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

"மனு வாங்குற எடத்துல வேலை பாத்துக்கிட்டு நீயே மனு குடுப்பியா? காண்ட்ராக்ட் ஆளு நீ. பாத்து நடந்துக்க" என்றார்.

அவர் மிரட்டவில்லை. உண்மையிலேயே தடை இருக்கிறதா என்று நான் யாரிடமும் கேட்கவுமில்லை. ஊரில் அப்பா என் அலுவலக அடையாள அட்டையை நகலெடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். அந்தச் சுவர்தான் கண்முன் வந்தது.

அடுத்த ஞாயிறு புதுத் தொப்பிக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நாளைக்கு நாங்க வந்ததும் கீழ எறங்கி வந்துடுவல்ல? கையெழுத்த அங்கயே போட்டுக்கலாம்" என்றார் அக்கா.

நான் நிமிரவில்லை. "பதினேழு, பதினெட்டு, பத்தொம்போது" என்று உதட்டை அசைத்தேன்.

"எண்ணுறான், உடு. அவன் எழுதின மனு, அவன் வராம எங்க போவான்" என்றார் டீச்சர்.

அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் எண்ணுகிறவனை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

திங்களன்று என் போன் மூன்று முறை அதிர்ந்தது. எடுக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பெண் படியில் உட்கார்ந்திருந்தாள். மூவர் கையிலும் ஊசி இருந்தது. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் டீச்சர் கதவுப்பக்கம் பார்த்தார். மூன்று கையெழுத்தோடு கொடுத்துவிடலாம் என்று அக்கா சொன்னாராம். "நாலு பேருன்னு எழுதிட்டு மூணு பேரு போட்டா கணக்கு தப்பு. வரட்டும்" என்று டீச்சர் மறுத்துவிட்டாராம். மனு வாங்கும் நேரம் முடிந்ததும் ஆட்டோ ஏறித் திரும்பிப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. டீச்சர் மனுவை மூன்று பேருக்காகத் தன் கையாலேயே திருப்பி எழுதினார். மறுநாள் போய்க் கொடுத்து ரசீது வாங்கிவந்தார்கள். அன்றைக்கும் ஜன்னலில் நான் இருந்தேன். ஒருவரும் கதவைப் பார்க்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு தொப்பியை எடுத்துக்கொண்டு போனேன். டீச்சர் அதைத் திருப்பி, விளிம்பை விரலால் நகர்த்தி எண்ணினார்.

"அறுவத்து நாலு இருக்கணும். எழுவத்தொண்ணு இருக்கு. அன்னிக்கு என்ன எண்ணினீங்க?"

அதுவரை அவர் என்னை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"பயந்துட்டேன் டீச்சர். வேலை போயிடும்னு."

"அத சொல்லியிருந்தா உங்க பேர எடுத்துட்டே போயிருப்போமே" என்றாள் எதிர்வீட்டுப் பெண். கோபமாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகத்தான் சொன்னாள்.

அக்கா காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "எடுத்துக்கங்க சார்."

டீச்சர் என் தொப்பியைப் பிரித்து நூலை உருண்டையாகச் சுற்றத் தொடங்கினார். சுற்றிக்கொண்டே செலவைச் சொன்னார். ஆட்டோ இரண்டு நடை எண்ணூறு, நகலும் டீயும் நாற்பது. நான் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்தேன்.

"நீங்கதான் வரலையே" என்று கையமர்த்திவிட்டு, எண்ணூற்று நாற்பதை மூன்றால் வகுத்தார். நான்கு பேராக ஒரே நடை போயிருந்தால் ஆளுக்கு நூற்றுச் சொச்சத்தோடு முடிந்திருக்கும். அவர்களுக்கு ஆளுக்கு இருநூற்று எண்பது ரூபாய் ஆனது.