சுண்ணாம்புக்குள் இருந்த அம்மன்

பல வருடம் தயங்கிவிட்டு இதை எழுதுகிறேன். எழுபதுகளில் மலேசியாவில் பத்து காஜா அருகே, எங்கள் ரப்பர் எஸ்டேட் கோயில் சுவரில் அம்மன் படம் வரைய ஒருவர் வந்தார். மெலிந்த ஆள். தூரிகையைத் தொடுமுன் சுவரைக் கும்பிடுவார். முகத்தை முடித்தார், கண்ணை மட்டும் வழக்கப்படி கடைசிக்கு விட்டிருந்தார். அதற்குள் பெண்கள் அலறினார்கள். எங்கள் எஸ்டேட்டில் மின்னல் தாக்கி இறந்த பால்வெட்டுக்காரியின் முகமே அது.

"செத்தவ மூஞ்சிய சாமிக்கு வச்சிட்டான், அழிங்க லா!" என்றார் கோயில் தலைவர்.

"அந்தப் பொண்ண நான் பார்த்ததே இல்லண்ணே!" என்றார் ஓவியர்.

யாரும் கேட்கவில்லை. சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள்.

போகும்போது என்னிடம், "கண்ணு தொறக்காமலே மூடிட்டாங்கண்ணே" என்று அழுதார்.

அடுத்த மழையில் சுண்ணாம்பு கரைந்தது. முகம் இல்லை. இரண்டு கண்கள் மட்டும் திறந்து எங்களைப் பார்த்தன. வரைந்தது யார் தாயே?

இதைச் சொல்பவர்கள் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.